மாற்றாந்தாய்க் கூண்டு

முப்பத்து மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மிதுனா தன் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம்" என்றாள்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த பெற்றோர்கள் கைதட்டினார்கள். பதினொரு தாய்மார்கள், எட்டுத் தகப்பன்மார்கள். ஐந்தரை வயதுவரை ஒரு சொல்லைக்கூடக் காதில் வாங்காத குழந்தை அட்சரம் பிசகாமல் பேசினால் யார்தான் தட்ட மாட்டார்கள்? நாளைக் காலை இதே மருந்து தங்கள் பிள்ளைகளுக்கும் ஏறப்போகிறது என்ற நினைப்பில் இரண்டு பேர் அழவும் செய்தார்கள். இயக்குநர் வேதமூர்த்திக்கு முகமெல்லாம் பல். கோயம்புத்தூரில் இந்த ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டி எழுப்பிய பத்து வருடத்தில் அவருக்கு இப்படி ஒரு காலைப் பொழுது வாய்த்ததில்லை.

கைதட்டாமல் நின்றது ஒரே ஓர் ஆள்தான். மருந்தைக் கண்டுபிடித்த டாக்டர் மங்கையர்க்கரசி.

அரசி பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையை அல்ல, தாயின் கைகளை. மகளைத் தூக்குவதற்காக ரேணுகா இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். மிதுனாவோ வணக்கம் சொன்ன கையோடு திரும்பி நடந்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெபாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு ரேணுகா அவற்றைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

முப்பது நாளாக அம்மாவைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் பிள்ளைக்குக் கோபம் வராதா என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். அரசிக்குச் சிரிப்பு வரவில்லை. கோபித்துக்கொண்ட குழந்தை முகத்தைத் திருப்பும், உதைக்கும், ஊரைக் கூட்டி அழும். வணக்கம் மட்டும் சொல்லாது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதல்லவா அது?

ரேணுகா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவள். கணவன் லாரி ஓட்டுகிறான். வடக்கே சரக்கு ஏற்றிப் போனால் திரும்ப இருபது நாள். மிதுனாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் காதுக்குள் மின்கருவி பொருத்தியபோது ஒலி உள்ளே போய்ச் சேர்ந்தது, பொருள் சேரவில்லை. மூளை அந்தக் கதவை அதற்கு முன்பே சாத்திவிட்டிருந்தது. ஆகவே தாயும் மகளும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்காத கைப்பேச்சு. அடுப்படியில் இரண்டு பேருமாக உண்டாக்கிக்கொண்டது. மூன்றாவது ஆளுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது.

அந்தக் கைதான் வம்பு என்று திட்டத்தில் எழுதியிருந்தது. கண்ணுக்கு வேலை கொடுத்தால் காது சோம்பிவிடும். மருந்து வேலை செய்யும் நாற்பது நாளும் குழந்தையின் முன்னால் யாரும் சைகை காட்டக்கூடாது. தாய் வந்தால் கை தானாக எழும் என்பதால் தாயே வரக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அப்படி ஆக்கியதும் அரசிதான். மற்றப் பெற்றோர்களுக்குக் காட்டுவதற்காக இன்று ஒரு தடவை மட்டும் ரேணுகாவை உள்ளே விட்டிருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். காளியப்பன், கட்டட வேலை செய்யும் கொத்தனார். அவருடைய மகனுக்கும் நாளைக்கு ஊசி.

"மேடம், இந்த மருந்து உள்ள போயி என்னதாங்க பண்ணுது? எல்லாரும் இங்கிலீசுலயே சொல்றாங்க."

அரசி அவர் தொழிலை வைத்தே சொன்னாள். "பூச்சு ஈரமா இருக்கறப்ப கை வச்சா தடம் விழும். காஞ்சா விழாது இல்லையா? குழந்தை மூளையும் அப்படித்தான். கேக்கறதுக்கு ஒரு பருவம், பார்க்கறதுக்கு ஒரு பருவம். பருவம் முடிஞ்சதும் நரம்புச் செல்லைச் சுத்தி ஒரு வலை கட்டிக்கும். அப்பறம் புதுத் தடம் ஏறாது. நம்ம மருந்து அந்த வலையைக் கரைக்குது. நாப்பது நாளைக்கு மறுபடி ஈரம். அதுக்கப்பறம் தானாவே காஞ்சிரும்."

காளியப்பன் தலையாட்டினார். போனவர் திரும்பி வந்தார். "பழைய பூச்சை நனைச்சா, முன்னாடி விழுந்த தடமும் கலையுமேங்க?"

"எலியில பார்த்தாச்சு. கலையலை" என்றாள் அரசி. நூறு கருத்தரங்குகளில் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன பதில்.

சொல்லி முடித்த பிறகுதான் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. என்னென்ன பார்த்தோம்? நடை பார்த்தோம். தீனி, எடை, பயம், தூக்கம், வழி கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் எல்லாம் பார்த்தோம். எதுவும் கலையவில்லை. குட்டிக்குத் தன் தாய் தெரிகிறதா என்று பார்த்தோமா?

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியிறங்கி எலிக்கூடத்துக்கு ஓடினாள்.

ஒரே ஒரு புரதத்தோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவள் என்று அரசியைத் தோழிகள் கேலி செய்வார்கள். பொய்யில்லை. சிவகங்கையில் பள்ளி, மதுரையில் எம்.எஸ்ஸி., பெங்களூரில் முனைவர் பட்டம், ஜெர்மனியில் ஒன்பது வருடம். எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: வளரும் மூளைக்கு 'போதும், இனிமேல் மாறாதே' என்று உத்தரவு போடுவது எது? அந்த வலையைக் கட்டச் சொல்லும் மரபணுவைத் தேடி, தவறான ஒன்றின் பின்னால் நாலு வருடம் ஓடினாள். சரியானது கிடைத்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. அதை அணைக்கும் மூலக்கூறைக் கண்டுபிடிக்க இன்னும் ஐந்து வருடம். கல்யாணம், சொந்த வீடு, அப்பாவின் கடைசி நாள் என்று எத்தனையோ நழுவிப்போயின. அவள் வருத்தப்பட்டதில்லை. காது கேட்காத ஒரு குழந்தை ஒரு நாள் பேசும், அன்றைக்கு எல்லாம் நேராகிவிடும் என்று நம்பியிருந்தாள்.

எலிக்கூடம் கீழ்த்தளத்தில். மாடியில் மனிதர்களுக்கு ஏசி பாதி நாள் ஓடாது. எலிகளுக்கு மட்டும் வருடம் முழுக்க இருபத்திரண்டு டிகிரி. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள் என்பார் அங்கே பொறுப்பாளராக இருக்கும் சவரிமுத்து. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். எந்தக் கூண்டில் எந்த எலி எப்போது ஈன்றது என்று பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லுவார்.

அரசி மூச்சு வாங்க நின்றுகொண்டே கேட்டாள். "சவரி, ஊசி போட்ட குட்டிகளை என்ன பண்றீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவருக்கு விளங்கவில்லை. இத்தனை வருடமாகத் தெரியாததா? "எப்பவும் பண்றதுதான் மேடம். ஊசி போட்டா குட்டி மேல மருந்து வாடை வரும், கையுறை வாடை வரும். பெத்த தாய் கிட்டவே விட்டா கடிச்சுப்போடும். அதனால அன்னிக்கே வேற தாய்கிட்ட மாத்திருவோம். அதோ, மாத்தாந்தாய்க் கூண்டு." சுவரோரம் இரண்டு வரிசை கூண்டுகளைக் காட்டினார்.

"ஊசி போடாத குட்டிகளை?"

"அதுகளையும் மாத்திருவோம். ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னவள் அவள்தான். ஒப்பிடும் இரண்டு கூட்டமும் ஒன்றுபோல் நடத்தப்பட வேண்டும் என்பது அறிவியலின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைத் தவறாமல் பின்பற்றியதால், மருந்து ஏறிய எந்தக் குட்டியும் பெற்ற தாயைத் திரும்பப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அல்லவா தெரிந்ததா இல்லையா என்ற கேள்வி வரும்? வெளியிட்ட ஒவ்வொரு கட்டுரையிலும் அது ஒரே வரியாக வந்திருக்கிறது: 'குட்டிகள் வழக்கம்போல் மாற்றுத் தாயிடம் வளர்க்கப்பட்டன.' உலகத்தின் எல்லா எலிக்கூடங்களிலும் செய்வதுதான். படித்த ஒருவரும் அந்த வரியில் நின்றதில்லை. பிறகு குரங்குகளில் சோதித்தார்கள். அவையும் தாயைப் பிரிந்து வந்த குட்டிகள்.

"ஒரு தடவைகூட மாத்தாம விட்டதில்லையா?"

சவரிமுத்து கொஞ்சம் யோசித்தார். "ஒரே தடவை. பெருமழை வந்த வருஷம். ரெண்டு நாள் கரன்ட் இல்லாம, சுவரோரம் தண்ணி ஏறி மாத்தாந்தாய் எல்லாம் செத்துப்போச்சு. வேற வழியில்லாம ஆறு குட்டியைப் பெத்த தாய்கிட்டயே விட்டேன். நாலு செத்துருச்சு. பதிவேட்டுல இருக்கே."

பதிவேட்டைத் தேடி எடுத்தார். ஏழு வருடத்துக்கு முந்தையது, தண்ணீர் பட்டு ஓரம் உப்பிப்போயிருந்தது. அரசியின் கையெழுத்தில் இரண்டு வரி: 'தாய் குட்டிகளைப் புறக்கணித்தது. முடிவுகளில் சேர்க்க வேண்டாம்.'

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம்" என்றார் சவரிமுத்து, குறை சொல்கிற குரலில் அல்ல. "தாய் நல்லாத்தான் இருந்துச்சு. குட்டிகளை வாயில கவ்விக் கவ்விக் கூட்டுக்குள்ள கொண்டாந்துச்சு. குட்டிதான் ஒட்டலை. விட்டா வெளியில ஓடிருச்சு, பால் குடிக்கலை. நீங்க அப்ப ஏதோ அவசரத்துல இருந்தீங்க."

என்ன அவசரம் என்று அவளுக்கு நினைவிருந்தது. மறுவாரம் ஒரு கட்டுரையை அனுப்ப வேண்டியிருந்தது. ஆறு குட்டிகளில் நாலு செத்தால் தாய்மேல்தான் பழி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாள்.

இன்னும் நிச்சயமாகவில்லை என்று மனது அடித்துக்கொண்டது. மருந்தின் வீரியம் பார்ப்பதற்காகப் போன வாரம் ஊசி போட்ட குட்டிகள் எட்டு இருந்தன. அவற்றின் பெற்ற தாய்களும் இருந்தன. மூன்று தடுப்பாகப் பிரித்த கண்ணாடிப் பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்தார் சவரிமுத்து. ஒரு முனையில் தாயின் கூட்டிலிருந்து எடுத்த மரத்தூள், மறு முனையில் முன்பின் தெரியாத எலியின் மரத்தூள். நடுவில் குட்டியை விட வேண்டும். முதலில் ஊசியே போடாத குட்டிகளை விட்டார்கள். பத்து நாள் பிரிந்திருந்தும் மூக்கை ஒரு தடவை தூக்கிவிட்டு நேரே தாய் வாடைக்கு ஓடின. ஆறில் ஆறு.

மருந்து ஏறிய முதல் குட்டி நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் மோந்து பார்த்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டது. இரண்டாவது தெரியாத எலியின் பக்கம் போய்விட்டு வந்தது. எட்டையும் விட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றுகூடத் தாய் வாடையைத் தேடிப் போகவில்லை. அரசி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

வேதமூர்த்தி கெட்டவர் அல்ல. முழுக்கக் கேட்டார். பதிவேட்டை வாங்கி அந்த இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். எலி வேறு, மனிதக் குழந்தை வேறு என்றார். ஒரு மாதம் பார்க்காத குழந்தை விலகித்தான் போகும், வீட்டுக்குப் போனால் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றார். கவனிக்க வேண்டிய பக்கவிளைவு என்று குறிப்பு எழுதிக்கொண்டு நாளை திட்டமிட்டபடி தொடரலாம் என்றார்.

"நினைவு போகலை சார், ஒட்டுதல் போயிருது" என்றாள் அரசி. "நடந்ததெல்லாம் மூளையில வேற இடத்துல பதிவாகுது, அதை மருந்து தொடறதில்லை. ஆனா இந்த முகம் என்னோடதுங்கற உணர்வு, பிறந்த முதல் வருஷத்துல விழுற தடம். காதோட சேர்ந்து அதுவும் ஈரமாயிடுது. மிதுனாவுக்கு ரேணுகா இப்ப எங்கேயோ பார்த்த முகம். காயறதுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு. அதுக்குள்ள யார் பக்கத்துல இருக்காங்களோ, அவங்க தடம்தான் விழும்."

"சரி, அப்படியே வச்சுக்குவோம். கீழ இருக்கற பதினொரு அம்மாவையும் கேளுங்க. 'என்னை மறந்தாலும் பரவாயில்லை, என் புள்ளைக்குக் காது கேக்கட்டும்'னுதான் சொல்லுவாங்க."

"சொல்லலாம் சார். நாம இன்னும் அவங்களைக் கேக்கலையே."

அவர், ஊசிக்கான அனுமதியில் அவள் கையெழுத்துப் போடாவிட்டால் துணை ஆய்வாளர் போடலாம் என்று விதியில் இருப்பதை மெதுவாக நினைவூட்டினார். மிரட்டல் மாதிரி இல்லை. களைத்துப்போன மனிதர் கடைசியாகப் பிடித்துக்கொண்ட கயிறு மாதிரி இருந்தது.

அரசி தன் அறைக்குப் போய்ப் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து, எட்டுக் குட்டிகளின் முடிவையும் சேர்த்து சோதனைக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் ஏழு பேருக்கும் அனுப்பினாள். தவறு தன்னுடையது, முன்னால் வெளியிட்ட கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். இருபத்தாறு வருடம் கட்டியது. இரண்டு விநாடியில் போய்விட்டது.

குழுவிலிருந்து பதில் வருவதற்குள் வார்டுக்குப் போய்ப் பெற்றோர்களிடம் சொன்னாள். சொல்வது எளிதாக இருக்கவில்லை. ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். காளியப்பன், "நான் சும்மாதாங்க கேட்டேன்" என்று தன்னால்தான் எல்லாம் கெட்டுவிட்டதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னார். அரசியை அதைவிட உலுக்கியது வேறு. பதினொரு பேரில் ஆறு தாய்மார்கள், இயக்குநர் சொன்னதை அச்சுப் பிசகாமல் சொன்னார்கள். பரவாயில்லை, போடுங்கள். நாலே முக்காலுக்குக் குழுத் தலைவர் தொலைபேசியில் பேசினார். நாளைய ஊசி நிறுத்தப்பட்டது. அந்த ஆறு பேரில் ஒருத்தி அரசியைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

மிச்சம் ரேணுகா.

கேன்டீனுக்குப் பின்னால் சிமென்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அரசி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எலிக்கூடம், மாற்றாந்தாய்க் கூண்டு, பெருமழை வருடத்துப் பதிவேடு எல்லாம். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்து அரசி மனதைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

"குட்டியை எடுத்து வேற தாய்கிட்ட விட்டீங்க, சரிங்க" என்றாள் ரேணுகா. "பெத்த எலி என்னங்க பண்ணுச்சு? அதை யாராச்சும் பாத்தீங்களா?"

அதை எழுத ஒரு கட்டம்கூடப் பதிவேட்டில் கிடையாது. வெட்கமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் இப்படி ஒரு வெட்கம் தனக்கு வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"இப்ப நான் உள்ள போனா என்னங்க ஆகும்?"

"தெரியாது, ரேணுகா. கைப்பேச்சோட போனா உங்ககிட்ட சீக்கிரம் வரலாம். ஆனா மறுபடி கண்ணாலயே வாழப் பழகிடுவா, காதுல ஏறின பேச்சு கரைஞ்சு போகலாம். நீங்க போகலைன்னா பேச்சு நிக்கும். ஜெபாதான் அவளுக்கு அம்மாவா நிப்பா."

"கையை ஆட்டாம, வாயில மட்டும் பேசுனா?"

"அப்ப நீங்க அவளுக்குப் புது ஆள். ஏழு நாள்ல ஒரு குழந்தை புது ஆளை அம்மாவா ஏத்துக்குமான்னு எனக்குச் சத்தியமா தெரியாது."

ரேணுகா தன் கைகளைப் பார்த்தாள். உங்களை நான் மன்னிக்க மாட்டேங்க என்று ஒரு தடவை சொன்னாள், கோபமே இல்லாமல், விலாசம் சொல்வதுபோல. பிறகு எழுந்து துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டாள்.

"கதவைத் திறந்து விடுங்க. புது ஆளாவே போறேன்."

அந்த ஏழு நாளை அரசி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே கழித்தாள். நிலையம் அவளை விடுப்பில் போகச் சொல்லியிருந்தது. அவள் போகவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஜெபாவை அறையை விட்டு வெளியே அனுப்பிய அன்று மிதுனா கதவைக் கையால் அறைந்து, "ஜெபாக்கா, ஜெபாக்கா" என்று குரல் கம்மும்வரை கத்தினாள். வெளியே ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கற்ற சொற்களையெல்லாம் குழந்தை அம்மாவின்மேல் கல்லாக எறிந்தது. போ. வேண்டாம். நீ யாரு?

கையை ஆட்டாமல் இருப்பது ரேணுகாவுக்கு லேசாக இல்லை. ஐந்து வருடப் பழக்கம். குழந்தை விம்மினால் கை தானாக எழுந்தது. அதனால் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அப்படியே பேசினாள். சோற்றைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றி, நாள் முழுக்க, தொண்டை கட்டும்வரை. முப்பத்தாறாம் நாள் மிதுனா ஆட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். முப்பத்தெட்டாம் நாள் அவள் கையிலிருந்து இட்லி வாங்கித் தின்றாள். நாற்பதாம் நாள் மத்தியானம் பேச்சு கேட்டுக்கொண்டே நகர்ந்து நகர்ந்து வந்து மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். ரேணுகா அசையவில்லை. தொடைக்கு அடியில் மரத்துப்போன கைகளை உருவவும் இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் எடுத்த பரிசோதனையில் வலை முழுக்கக் கட்டிவிட்டிருந்தது. அன்று சாயங்காலம் மிதுனா, "அம்மா, தண்ணி" என்றாள். அரசி கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். இழந்தது எல்லாம் போகட்டும், ஒரு குழந்தைக்குத் தாயும் பேச்சும் இரண்டுமே மிஞ்சின என்ற ஆறுதல் அவளுக்கு உண்மையாகவே வந்தது.

அறுபதாம் நாள் மதிப்பீட்டுக்கு அவளே திருப்பூருக்குப் போனாள். விடுப்பில் இருந்த விஞ்ஞானியை யாரும் அனுப்பவில்லை. ரேணுகாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். வரிசை வீடுகளில் நாலாவது. ரேணுகா சிரிக்கவில்லை, ஆனால் டீ போட்டுக் கொடுத்தாள். மிதுனா தரையில் படுத்து வண்ணப் பென்சிலால் ஆடு வரைந்துகொண்டிருந்தாள். பேச்சு நன்றாகவே நின்றிருந்தது. ஒரே வேடிக்கை, ஜெபாவிடம் கற்றதால் கொங்குநாட்டுப் பிள்ளை வாயில் நாகர்கோவில் தமிழ். தெருவில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதாக ரேணுகா சொன்னாள்.

"அம்மா" என்றாள் மிதுனா, தலையைத் தூக்காமல். "முன்ன இங்க ஒருத்தவ இருந்தாவல்லா, அவிய எங்க போனாவ?"

"யாரு கண்ணு?"

"வாய் பேசாம கையிலயே பேசுவாவல்லா. எனக்குச் சோறு ஊட்டுவாவ. அவிய."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். வலது கையில் இரண்டு விரலைக் கத்தரிபோல விரித்து விரித்து மூடினாள். பனியன் கம்பெனியில் நாள் முழுக்கப் பிசிறு வெட்டுகிறவளுக்கு இரண்டு வயதில் அவள் வைத்த பெயர். அந்தக் கைப்பேச்சில் அம்மா என்பதற்கு அதுதான் சொல்.

"எனக்கு அவியளப் பாக்கணும்" என்றாள்.

நடந்தது எதுவும் அழிந்திருக்கவில்லை என்று அரசிக்குப் புரிந்தது. அடுப்படி, சோறு, கை எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்த முகத்தையும் எதிரே இருக்கும் இந்த முகத்தையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு ஒன்றுதான் இல்லை. இத்தனை நாளாகக் குழந்தை மனதுக்குள் அந்த இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

ரேணுகா அரசியைப் பார்த்தாள். மதிப்பீடுவரை சைகை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்; இனிமேல் கையை ஆட்டினால் பேச்சுக்கு ஒன்றும் ஆகாது. அரசி தலையசைத்தாள்.

ரேணுகா இரண்டு விரலை நீட்டினாள். வெட்டிக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். திரும்பவும் வெட்டினாள், திரும்பவும் நெஞ்சைத் தொட்டாள். அதற்குமேல் கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இருபத்தேழு நாள் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. வேகத்தில் அரசியால் எதையும் பிரித்தறிய முடியவில்லை.

மிதுனா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க மலர்ந்தது. தவழ்ந்து வந்து ரேணுகாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கும் தெரியுமா?" என்றாள். "அவிய சொல்லித் தந்தாவளா?"

ரேணுகாவின் கைகள் மடிக்கு இறங்கின.

"ஆமா சாமி" என்றாள். "அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."